பனங்காய்ப் பணியாரத்தில் தொடங்குங்கள்: ஊரில் இலவச இசைக்கூடல் நடத்தும் விதம்

யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது "சங்கீதம் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "மூன்றாம் தரம் வரைக்கும் எடுத்தனான், பிறகு விட்டிட்டன்" என்று பதில் வரும். இங்கே சங்கீதம் என்றால் சோதனை. வட இலங்கைச் சங்கீத சபையின் தரங்களை ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் கலாவித்தகர் பட்டம் வாங்கியவர் பாடலாம், மற்றவர்கள் கேட்கலாம் என்று ஒரு நினைப்பு ஊறிப் போயிருக்கிறது. அதை ஊற வைத்தவர்களில் நானும் ஒருத்தி. 31 வருடம் பள்ளிக்கூடங்களில் சங்கீத ரீச்சராக இருந்தேன்.

ஓய்வு பெற்றுக் கொக்குவிலில் வீட்டோடு இருந்தபோது, பக்கத்து வளவு ஆச்சி காலையில் முற்றம் கூட்டிக்கொண்டே ஏதோ முனகுவது மதிலுக்கு மேலால் கேட்கும். நல்ல குரல். ஒருநாள் என்ன பாட்டென்று கேட்க எட்டிப் பார்த்தேன். சட்டென்று வாயை மூடிவிட்டார். "ரீச்சருக்கு முன்னால நான் பாடுறதோ" என்றார். அது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அந்த வருடம், 2019 இல், எங்கள் வாசிகசாலையில் இந்தக் கூடலைத் தொடங்கினேன். நாலு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுத் தாத்தாவும் ஒரே பாயில் இருந்து பாடவேண்டும், காசு வாங்கக் கூடாது, சோதனை வைக்கக் கூடாது. வேறு சட்டம் எதுவும் இல்லை. உங்கள் ஊரிலும் செய்யலாம். நான் பிழைவிட்டுப் படித்ததை எல்லாம் கீழே எழுதுகிறேன், நீங்கள் வேறு பிழை விடலாம்.

முதலில் இடம். கோயில் மண்டபம் பெரிதாக, காற்றோட்டமாக இருக்கும், கேட்டால் தரவும் தருவார்கள். வேண்டாம். எந்தக் கோயிலின் மண்டபம் என்றவுடனேயே யார் வருவார், யார் வாசலில் தயங்குவார் என்பதும் தீர்ந்துவிடும். சமயம் மட்டுமல்ல, சாதியும் அதற்குள் இருக்கிறது, நாங்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும். வாசிகசாலை எல்லோரும் பேப்பர் பார்க்க வரும் இடம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும் தனித்தனியாகப் போய்க் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால் மற்ற இருவரும் எதிர்ப்பார்கள். வாசலில் படி இருந்தால் ஒரு பலகையைச் சரிவாகப் போட்டு வையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் நாலு பேர் தூக்கி உள்ளே கொண்டுபோகப்பட விரும்பமாட்டார்.

நேரம்தான் பெரிய தலையிடி. சனிக்கிழமை முழுக்க ரியூசன். ஞாயிறு காலையில் பூசையும் அறநெறி வகுப்பும், பின்னேரம் திரும்ப ரியூசன். கிழமைக்கு ஒரு தடவை என்று தொடங்கி, ஐந்தாம் கிழமை நானும் ஒரு பூனையும் மட்டும் இருந்தோம். அப்புறம்தான் போயா, அதாவது பௌர்ணமி நாள் பின்னேரம் என்று மாற்றினேன். மாதத்தில் ஒன்று, விடுமுறை, கலண்டரில் பார்த்துக்கொள்ளலாம், திரும்பிப் போகும்போது நிலவு வெளிச்சமும் இருக்கும். போயாவுக்குச் சாராயக் கடைகள் பூட்டு என்பதால் சில ஐயாமார் வருகிறார்கள் என்பது நான் எதிர்பார்க்காத இலாபம். நல்லூர் திருவிழா 25 நாளும் யாரும் எங்கும் வரமாட்டார்கள். அதற்குள் போயா விழுந்தால் அந்த மாதம் விட்டுவிடுவேன்.

ஆட்களைக் கூப்பிடுவதற்குச் 'சமூக இசைப் பயிலரங்கு' என்று எழுதி ஒட்டாதீர்கள். நான் அப்படித்தான் எழுதினேன். சந்தியில் கண்ணீர் அஞ்சலி நோட்டீசுகளுக்கு நடுவில் ஒட்டினேன். வந்தவர்கள் மூன்று பேர், மூவரும் ஏற்கெனவே கலாவித்தகர்கள். அடுத்த தடவை "பாட வராது என்று நினைக்கிறவர்கள் வாருங்கோ, தேத்தண்ணி உண்டு" என்று எழுதினேன். அதைவிடப் பயன்பட்டது ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ப் படலையில் நின்று கூப்பிட்டதுதான். வயதானவர்களை அவர்களிடம் நேரே கேளுங்கள். மகளிடம் கேட்டால், "அம்மாவுக்கு ஏலாது" என்று மகள்தான் பதில் சொல்லுவா.

சரி, ஆட்கள் வந்துவிட்டார்கள், வட்டமாக இருக்கிறார்கள். வயதானவர்களுக்குக் கதிரை, மற்றவர்களுக்குப் பாய். இனி முதல் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறிமுக உரை வைக்காதீர்கள். "எல்லோரும் ஒரு பாட்டுப் பாடிக் காட்டுங்கோ" என்று ஒவ்வொருவராகக் கேட்கவே கேட்காதீர்கள், அடுத்த மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள். பாட்டும் வேண்டாம், சுரமும் வேண்டாம். தின்பண்டத்தில் தொடங்குங்கள்.

எப்படியென்றால், "ஒடியல்" என்று சொல்லச் சொல்லி, ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டுத் தொடையில் தட்டச் சொல்லுவேன். ஒ, டி, யல். மூன்று. தாளச் சொற்கட்டில் அதுதான் தகிட, அந்த மூன்றுக்குப் பெயர் திஸ்ரம். "கொழுக்கட்டை" நாலு, தகதிமி, சதுஸ்ரம். "பனங்கிழங்கு" ஐந்து. பனங் என்று இரண்டு, கிழங்கு என்று மூன்று, அப்படியே தக தகிட, கண்டம். இனித்தான் பணியாரம். பனங்காய்ப் என்று மூன்று, பணியாரம் என்று நாலு, மொத்தம் ஏழு. தகிட தகதிமி, மிஸ்ர நடை. மிருதங்கம் படிக்கும் பிள்ளைகள் மாதக்கணக்கில் முக்கும் மிஸ்ரத்தை எங்கள் ஊர் அம்மம்மாமார் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள், அது அவர்கள் வாயில் ஏற்கெனவே கிடந்தது. கொழுக்கட்டையையும் பனங்கிழங்கையும் சேர்த்துச் சொன்னால் ஒன்பது, சங்கீர்ணம். அது மூன்றாம் மாதத்துக்கு.

இதில் ஒரு கவனம். குறில் நெடில் பார்த்து இழுக்க விடாதீர்கள், எல்லா அசைக்கும் ஒரே அளவு நேரம். "பணியாஆஆரம்" என்று யாராவது ஆசையோடு இழுப்பார்கள், தாளம் சரிந்துவிடும். மெதுவாகத் தொடங்கி, எல்லோரும் சேர்ந்த பிறகு வட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் ஒடியல், மற்றப் பக்கம் கொழுக்கட்டை, இரண்டும் ஒரே வேகத் தட்டு. பன்னிரண்டாவது தட்டு முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொடங்கும். ஒடியல் நாலு தடவை, கொழுக்கட்டை மூன்று தடவை. அந்த இடம் வரும்போது பெரியவர்களும் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாரும் வெட்கப்படுவதில்லை.

தொடையில் தட்டியது போதும் என்றானதும் கையில் ஏதாவது கொடுக்கலாம். நாங்கள் வாத்தியம் வாங்கவில்லை. இரண்டு பாதிச் சிரட்டையை நன்றாகச் சுரண்டி, விளிம்பை அரத்தாளால் தேய்த்தால் குதிரை ஓடுவது போலச் சத்தம் வரும். வெறும் பெயின்ற் வாளியைக் கவிழ்த்தால் நடுவில் ஒரு சத்தம், விளிம்பில் ஒரு சத்தம், மிருதங்கத்தின் இரண்டு பக்கங்களான தொப்பியும் வலந்தலையும் வந்துவிட்டது. சின்னத் தண்ணீர்ப் போத்தலில் ஐந்தில் ஒரு பங்கு பயறு போட்டு மூடியைச் சுற்றி ரேப் ஒட்டுங்கள். குன்றிமணி போட்டால் வடிவாக இருக்கும் என்று ஒருவர் கொண்டுவந்தார், நான் திருப்பி அனுப்பினேன். குன்றிமணி நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் விளையாட்டில்லை. எங்களிடம் வரும் ஓர் அண்ணைக்குப் போரில் ஒரு கை போய்விட்டது. அவருக்காக ஒரு சிரட்டையைப் பலகையில் ஆணி அடித்து நிறுத்தினோம், மற்றதை அவர் ஒரு கையால் தட்டுகிறார். பிறகு பார்த்தால் இரண்டு கையும் உள்ள பெடியள் எல்லாம் அந்தப் பலகைக்குச் சண்டை. இப்போது ஐந்து பலகை இருக்கிறது. காது மந்தமான தாத்தா ஒருவர் கவிழ்த்த வாளியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருப்பார். அதிர்வில் அவருக்குத் தாளம் தெரியும், எங்களைவிடச் சரியாகத் தலையாட்டுவார்.

பாட்டு என்று வரும்போது சுருதி எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி, இதில் நான் முழுசாகப் பிழைவிட்டேன். எனக்கு ஐந்து கட்டை, அதாவது என் சட்ஜம் ஆர்மோனியத்தின் ஐந்தாவது வெள்ளைக் கட்டையில். அதனால் சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையில் வைத்துத் தொடங்கினேன். ஆண்கள் கீழே பாடினால் குரல் கிணற்றுக்குள் போனது, மேலே பாடினால் தொண்டை கிழிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு என் சட்ஜமே எட்டவில்லை. அவர்களுக்குக் கீழ்க் குரல் கிடையாது, வாயசைத்துக்கொண்டு இருந்தார்கள். பாட வராதவர்கள் என்று நான் முப்பது வருடம் நினைத்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் என் கட்டைதான் ஒத்துவரவில்லையோ என்று அன்றிரவு நித்திரை வரவில்லை. குருநகரில் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவை நடத்தும் ஓர் ஐயா வந்திருந்தார். "ரீச்சர், மேல இருக்கிற ரெண்டு கட்டைக்கு ஏத்துங்கோ. பிள்ளையளும் பொம்பிளையளும் அதில பாடட்டும், ஆம்பிளையள் அதே பாட்டை ஒரு ஸ்தாயி கீழ பாடட்டும்" என்றார். அவர்கள் பூசையில் காலங்காலமாகச் செய்வது அதுதான்.

அதைக் கணக்குப் பார்த்தேன். இரண்டு கட்டையில் ச முதல் ப வரை மட்டும் போகிற மெட்டு என்றால், ஐந்து கட்டையில் பாடும் எனக்கு அது என்னுடைய பஞ்சமத்தில் இருந்து மேல் ரிஷபம் வரை, வசதிதான். ஒரு கட்டையில் பாடும் ஆணுக்குக் கீழ் ஸ்தாயியில் அது அவருடைய ரிஷபத்தில் இருந்து தைவதம் வரை, அதுவும் வசதி. பிள்ளைகளுக்கு நடுக்குரல். ஆகவே விதி இதுதான்: இரண்டு கட்டை, ஐந்து சுரத்துக்குள் மெட்டு. குரல் தடித்த ஆச்சிமார் ஆண்களோடு கீழே பாடினால் விட்டுவிடுங்கள், திருத்தாதீர்கள். இன்னும் சுலபம் வேண்டுமென்றால் மோகன ராகத்தின் ச ரி க ப என்ற நாலுக்குள் மெட்டுப் போடுங்கள். அதில் அரைச்சுர இடைவெளி இல்லாததால் கொஞ்சம் விலகிப் பாடினாலும் உறுத்தாது.

சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசையில் தொடங்கக் கூடாதா என்று என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையை அமைத்துத் தந்தவர் புரந்தரதாசர் என்பார்கள், அந்த முறையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் வட்டத்தில் இருக்கும் பாதிப் பேர் சரளி வரிசையில்தான் அடி வாங்கி, சங்கீதத்தை விட்டுவிட்டு ஓடியவர்கள். "ஸ ரி க ம" என்று நான் எடுத்ததும் ஒரு அக்காவின் தோள் இறுகியதைக் கண்ணால் பார்த்தேன்.

எந்தப் பாட்டுப் பாடுவது? தேவாரம் என்றால் பாஷையூர்க் கத்தோலிக்கர் ஒதுங்குவார், கிறிஸ்தவ கீதம் என்றால் மற்றவர் ஒதுங்குவார், சினிமாப் பாட்டு என்றால் பிள்ளைகள் மட்டும் பாடுவார்கள். நாங்கள் சொந்தமாகக் கட்டுகிறோம். எங்கள் முதல் பாட்டு மழைப்பாட்டு. நான் "மழை வருகுது, மழை வருகுது" என்று எடுப்பேன். வட்டத்தில் ஒருவர், முற்றத்தில் காயப் போட்டிருக்கும் ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பதில் பாடவேண்டும்: "பாயை எடு பிள்ளை!" எல்லோரும் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அடுத்தவர், "மிளகாய் எடு பிள்ளை". பிறகு வேப்பம்பூ வடகம், புழுக்கொடியல், பள்ளிச் சீருடை. ஒருவர் "மாமாவை எடு பிள்ளை" என்றார், மாமா முற்றத்துச் சாய்மனைக் கதிரையில் நித்திரையாம். அரை மணித்தியாலம் போனது தெரியாது. எடுப்பும் பதிலும் என்பதால் தாளில் வரிகள் தேவையில்லை, கண்ணாடி மறந்து வந்தவரும் எழுதப் படிக்கத் தெரியாதவரும் பாடலாம். நீளமான பாட்டு என்றால் மட்டும் பிறிஸ்டல் போட்டில் உள்ளங்கை உயர எழுத்தில் எழுதித் தொங்கவிடுவோம்.

வயதானவர்களிடம் பழைய பாட்டு இருக்கும். தாலாட்டு, ஊஞ்சற் பாட்டு, காத்தவராயன் கூத்தின் சிந்துகள். கேளுங்கள், ஆனால் கெஞ்சாதீர்கள். ஒப்பாரியைக் கேட்கவே கேட்காதீர்கள். ஒருமுறை தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஓர் அம்மா, இடையில் அப்படியே ஒப்பாரிக்குப் போய்விட்டார். மகனுடைய பெயர் வந்தது. இங்கே யாருடைய வீட்டில் என்ன நடந்தது என்று விளக்கத் தேவையில்லை. நாங்கள் நிறுத்தவும் இல்லை, சேர்ந்து பாடவும் இல்லை. சுருதிப்பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் தேத்தண்ணி கொடுத்தோம். ஒரு பெடியன் அதைப் போனில் எடுத்திருந்தான், அவர் முன்னாலேயே அழிக்கச் சொன்னேன். பதிவு செய்வதென்றால் முன்கூட்டியே கேட்பது, பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் முகநூலில் போடாமல் இருப்பது, இந்த இரண்டையும் வாசலிலேயே எழுதி வையுங்கள்.

மின்சாரத்தை நம்பாதீர்கள். 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோதுதான் எங்கள் கூடலுக்கு ஆகக் கூடுதலான ஆட்கள் வந்தார்கள். ரீவி இல்லை, பெற்றோல் இல்லை, வேறெங்கே போவது? துருத்தி வைத்த பழைய சுருதிப்பெட்டி அன்றைக்குக் கைகொடுத்தது. ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். அதற்குப் பொலிசில் அனுமதி எடுக்கவேண்டும், அதோடு மைக்கைக் கண்டால் யாராவது ஒருவர் பேசத் தொடங்கிவிடுவார்.

வருடத்தில் இரண்டு மூன்று தடவை கலைஞர்களைக் கூப்பிடுகிறோம். இணுவிலும் அளவெட்டியும் பக்கத்தில் இருக்கும்போது தவிலைக் காட்டாமல் விட்டால் பாவம். தவில் மேதை தட்சணாமூர்த்தி வாசித்த மண் இது. ஆனால் தவிலை மண்டபத்துக்குள் வைக்காதீர்கள், குழந்தைகள் அழும். வெளியே வேப்பமரத்தின் கீழ் வையுங்கள். வலக்கை விரல்களில் போடும் கூட்டைப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும், இடக்கைக் கழியைப் பிடித்துப் பார்க்கட்டும். அவருக்கு வழக்கமான கூலியைக் கட்டாயம் கொடுங்கள். அவருடைய சாப்பாடு அந்தத் தவிலில் இருக்கிறது. "சேவைதானே அண்ணை" என்று கேட்பது வெட்கக்கேடு. மருதனார்மடத்தில் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் உதவிக்கு வருவார்கள். காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் நேரே வந்து இறங்கலாம், பஸ் காசும் ஒரு நேரச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு.

அப்படியென்றால் காசு? தேத்தண்ணி, சீனி, விசுக்கோத்து, கலைஞர் வராத மாதத்தில் எங்களுக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும். வாசலில் உண்டியல் வைத்தோம், போட முடியாதவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவதைக் கண்டு எடுத்துவிட்டோம். வெளிநாட்டில் இருந்து உதவி செய்யக் கேட்பவர்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற, பாய் பத்து வாங்க, ஒரு தவில்காரரின் கூலி. காசாக வாங்குவதில்லை, கடைப் பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்புவேன். பெயர்ப் பலகை கிடையாது. இதை ஏன் கறாராகச் சொல்கிறேன் என்றால், ஓர் அமைப்பு எங்களுக்கு நாலு கீபோர்ட் தந்தது. மூன்று மாதத்தில் மேடை நிகழ்ச்சி, பின்னால் அவர்களுடைய பதாகை, அதுதான் நிபந்தனை. நானும் ஒத்துக்கொண்டேன். மேடை என்றதும் நன்றாகப் பாடுகிறவர் முன்னுக்கு வந்தார், ஒத்திகை வந்தது, நானும் பழைய ரீச்சராகிக் கத்தினேன். வாளி தட்டும் தாத்தா "நான் குழப்பிப் போடுவன்" என்று தானாக விலகிவிட்டார். அவரைத் திரும்பக் கொண்டுவர எனக்கு ஐந்து போயா எடுத்தது. கீபோர்ட்கள் அலுமாரியில் இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுக்கலாம்.

நேரத்தை நீட்டாதீர்கள். நாலரைக்குத் தொடங்கி ஆறுக்கு முடிப்போம். இடையில் தேத்தண்ணிக்குப் பதினைந்து நிமிடம், அதைக் குறைக்கவேண்டாம், அந்த நேரத்தில்தான் அடுத்த மாதப் பாட்டு பிறக்கும். பக்கத்து வளவு ஆச்சி தேத்தண்ணிக்கு மட்டும்தான் வருவார், இன்னும் வட்டத்தில் இருந்து பாடியதில்லை. நானும் கேட்பதில்லை.

ஐப்பசி பிறந்தால் மழை. தோல் வாத்தியங்கள் ஈரத்தில் தொய்ந்துவிடும், தொப்பியில் அப்பிய ரவையைச் சுரண்டித் துடைத்து, துணியில் சுற்றித் தரையில் படாமல் வையுங்கள். சிரட்டைகளைச் சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், ஓலைப் பெட்டி நல்லது. எல்லாம் அடுக்கி, பாயைத் தட்டிச் சுருட்டி வைத்தபின், கலண்டரில் மறு போயாவைப் பார்த்து வாசிகசாலைக் கதவில் வெண்கட்டியால் திகதியை எழுதிவிட்டு, திறப்பைச் செயலாளர் வீட்டில் கொடுத்துவிட்டு வருவேன்.